உந்தக் கிணறு

நிலத்துக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும் சூட்டை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு மின்விசிறிக்குக் கீழே இருந்து காவல் காப்பதுதான் என்னுடைய தொழில்.

சூடு இந்தோனேசியாவில் ஒரு மலையில் இருக்கிறது. மின்விசிறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு ஃபோட்டோ கொப்பிக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. மலையில் ஆழமாகத் துளைத்த கிணறுகளால் நீராவி மேலே வரும். அது சுழலியைச் சுற்ற, மின்சாரம் பிறக்கும். ஒவ்வொரு கிணற்றின் வாயிலும் பூட்டியிருக்கும் கருவிகள் அழுத்தம், சூடு, வரத்து என்று நிமிடத்துக்கு நிமிடம் எண்களை எங்களுக்கு அனுப்பும். அந்த எண்களைக் கொம்பியூட்டருக்குப் படிப்பித்து, எந்தக் கிணறு எப்போது கரைச்சல் தரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் வேலை.

கேட்கப் பெரிய விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் இது பெருமைக் கதை இல்லை. பக்கத்து மேசைக்கு வந்த பாராட்டைக் கேட்டு, வாயில் வைத்த தேநீர் கசந்துபோனவர்களுக்காக எழுதுகிறேன். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள்.

கன்னியா

நெல்லியடியில் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் மனைவியின் பெரியப்பா இருந்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். வழக்கமாக “கொம்பியூட்டர் வேலை” என்று சொல்லித் தப்பிவிடுவேன். அன்று பாயாசம் நன்றாக இருந்ததால் விளக்கமாகச் சொல்ல வெளிக்கிட்டேன். நீராவி, அழுத்தம், எண்கள், மொடல் என்று அவருக்கு மோர் வந்து சேரும்வரை சொன்னேன். ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலுக்குக் கடைசியாக ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

இலையை மடித்துவிட்டு எழும்பும்போது சொன்னார்: “ஆரோ ஒரு நாட்டிலை கிணறு சுடுகுதெண்டு நீர் இஞ்சை இருந்து பாக்கிறீர். திருகோணமலைக் கன்னியாவிலை ஏழு கிணறு சுடச்சுடக் கிடக்கு. அதை ஆர் பாக்கிறது?”

கேத்தில்

எனக்கும் ஒரு நல்ல காலம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது.

இந்தக் கிணறுகளின் குழாய்க்குள் நாள்போக்கில் வெள்ளையாக ஒரு பொருக்குப் படியும். பொருக்குத் தடிக்கத் தடிக்க நீராவி குறையும். எப்போது எவ்வளவு தடிக்கும் என்று முன்னுக்கே சொல்ல நான் ஒரு மொடல் செய்தேன். எங்கள் முதலாளி யூட் அண்ணை குருநகர்க்காரர், கடலைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வார், பொருக்கு என்றால் அவருக்குப் பிடிபடவில்லை. ஒபிசில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலுக்குள் கையை விட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீர் கட்டிவைத்திருந்த சுண்ணாம்புப் பொருக்கில் ஒரு துண்டை உடைத்து அவருடைய மேசையில் வைத்தேன். உடனே விளங்கிவிட்டது.

மொடல் இரண்டு தரம் சரியாகச் சொன்னது. மலையில் கிணறுகளைத் துப்புரவாக்கினார்கள், நீராவி திரும்பி வந்தது. அன்றிலிருந்து மலைக்கு எந்த ஆலோசனை போனாலும் என் பெயரில்தான் போகவேண்டும் என்று வைத்தார்கள். யாராவது ஒபிசுக்கு வந்தால் யூட் அண்ணை என் தோளில் கையை வைத்து அறிமுகம் செய்வார்: “எங்கடை கிணத்து டொக்டர் இவர்தான். ஆனா கேத்திலை இன்னும் நான்தான் கழுவுறன்.”

வெள்ளிக்கிழமை

பிறகு கௌசி வந்தாள். உரும்பிராயில் வெங்காயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. கம்பசில் புள்ளிவிபரவியல் படித்து முடித்து, இன்னும் ஏதோ மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அண்ணை அண்ணை என்று மரியாதையாகத்தான் இருப்பாள். ஆளில் ஒரு குறையும் சொல்லமுடியாது, அதுதான் முதல் எரிச்சல்.

எங்கள் எண்களில் ஒரு விசித்திரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாக் கிணறுகளும் கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும். எவ்வளவு யோசித்தும் காரணம் பிடிபடாமல், வெள்ளி மத்தியானத்தில் கண்ணை மூடிக்கொள் என்று நான் கொம்பியூட்டருக்குச் சொல்லிவைத்திருந்தேன். வேலைக்கு வந்த இரண்டாம் கிழமை கௌசி அது என்ன என்று கேட்டாள். அது சும்மா குழப்பம், கணக்கெடுக்கத் தேவையில்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய், எல்லாரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் மலையில் இருக்கும் பொறியியலாளர் பூடியிடம் கேட்டுவிட்டாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. வெள்ளி மத்தியானம் பெரும்பாலானவர்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள், இரண்டு பேர்தான் காவலுக்கு நிற்பார்கள், ஆகவே பாதுகாப்புக்காக வால்வுகளைக் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போவது வழக்கம்.

மொடலுக்குள் நான் ஒரு மாதம் தேடியது, மனிசரிடம் கேட்டால் கிடைக்கிற விஷயம். அடுத்த கூட்டத்தில் பூடி தன் அவசரமில்லாத, ஆறுதலான ஆங்கிலத்தில் சொன்னார்: “மிஸ் கௌசி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்கு முதல் ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லையே.”

ஏழுக்கு என்ன வருத்தம்

இந்த வருடம் ஏழாம் கிணறு மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. பொருக்கு என்று என் மொடல் சொன்னது. துப்புரவாக்க வேண்டும் என்று நான் எழுதினேன். துப்புரவு என்றால் சின்ன வேலை இல்லை. பெரிய இயந்திரத்தை மலைக்கு ஏற்றவேண்டும், கிணற்றை நாட்கணக்கில் மூடவேண்டும். அதற்கு முதல் எங்களில் ஒருவர் நேரில் வந்து விளக்கம் சொன்னால் நல்லது, ஒரு கிழமைப் பயணச் செலவு தங்களுடையது என்று மலையிலிருந்து அழைப்பு வந்தது.

ஐந்து வருடமாக அந்தக் கிணறுகளோடு இருக்கிறேன். எது முழுகாமல் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சி போல ஆறுதலாக நடக்கும், எது காரணமில்லாமல் குதிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. நீராவி என்று நான் நேரில் கண்டது புட்டுப் பானையில் மட்டும்தான். அழைப்பு வந்த அன்று பின்னேரமே யாழ்ப்பாண ரவுணுக்குப் போய், மலைக்குளிருக்கு ஒரு நீல ஜக்கெட் வாங்கினேன். எங்கள் வெயிலில் அதைப் போட்டுப் பார்க்கவே ஒரு துணிவு வேண்டும்.

அடுத்த நாள் கௌசி யூட் அண்ணைக்கு முன்னால் வந்து நின்றாள். “ஏழிலை பொருக்கு இல்லை எண்டு நினைக்கிறன், அண்ணை. நாலாம் கிணத்தைக் கூடுதலாத் திறந்தாப் பிறகுதான் ஏழு இறங்குது. நாலுதான் ஏழின்ரை ஆவியை இழுக்குது.” நான் சிரித்தேன். இரண்டுக்கும் இடையில் ஒரு மலைச்சரிவே இருக்கிறது, என் மொடலில் ஒவ்வொரு கிணறும் தனித்தனிதான் என்றேன். யூட் அண்ணை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு என் கதிரையில் தொங்கிய நீல ஜக்கெட்டைப் பார்த்தார்.

“ஏழுக்கு என்ன வருத்தமெண்டு ஆர் சரியாச் சொல்லுகினமோ, அவை போகட்டும். ஜக்கெட் வாங்கினவைதான் போகோணுமெண்டு ஒரு சட்டமும் இல்லை.”

உரும்பிராய்

அந்தக் கிழமையே ஒருநாள் கௌசியின் ஸ்கூட்டி காற்றுப் போய்ப் படுத்துவிட்டது. நெல்லியடியில் என் வீட்டுக்குப் போகிற வழிதானே, மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டடியில் விட்டேன். அவளுடைய அப்பா வெங்காயத்துக்கு இறைத்து முடித்து மெசினை நிறுத்திக்கொண்டிருந்தார். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பமாட்டோம் என்று தேத்தண்ணி வந்தது. குடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன்.

வேலிக்கு அங்கால் பக்கத்துத் தோட்டக்காரர் தன் கிணற்றில் தண்ணீர் மெசினைப் போட்டார். கௌசியின் அப்பா எங்கள் பக்கத்துக் கிணற்றின் உட்சுவரைக் காட்டினார். பெயின்ரால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டோடு நின்ற தண்ணீர், தேத்தண்ணி முடிய முதல் ஒரு சாண் கீழே போய்விட்டது. இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எவர் எத்தனை மணிக்கு இறைப்பது என்று இரண்டு வீடும் பேசிவைத்திருக்கிறார்களாம்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் ஐந்து வருடம் படித்தும் காணாததை அவள் பள்ளிக்கூடம் போக முதல் ஒவ்வொரு காலையும் பல்லு மினுக்கிக்கொண்டு பார்த்திருக்கிறாள். என் வீட்டுக் கிணறு குழாய்க்கிணறு. மூடியைத் தவிர அதில் பார்க்க ஒன்றும் இல்லை. மலையில் விஷயம் வேறு, அங்கே கிணறுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று அவருக்குச் சொன்னேன். அவர் வாய்க்காலை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“வேலி மேலைதான் தம்பி கிடக்கு. கீழை ஆரும் கட்டேல்லை.”

சுபா

உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஒருவரைப் பிடிக்காது என்று வீட்டில் சொல்லத் தொடங்கினால், அந்த ஆளைத் தவிர வேறு கதையே வாயில் வராது. கௌசி இண்டைக்கு இப்படிச் சொன்னாள், கௌசி அந்த வரியை மாற்றி எழுதினாள், பூடி கௌசிக்குக் கட்டைவிரல் போட்டார், எனக்குப் போடவில்லை. கைபேசியில் அவளுடைய செய்திகளுக்கு மணி அடிக்காமல் நிறுத்திவைத்ததையும் ஒரு வெற்றியாகச் சொன்னேன்.

என் மனைவி சுபா ஆசிரியை. கொப்பி திருத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசிக் கொப்பியை மூடிவிட்டுச் சொன்னாள்: “அவவிலை விருப்பமெண்டால் நான் சண்டை பிடிக்கலாம். நீங்கள் அவவின்ரை மூளையைப் பாத்தெல்லோ ஏங்கிறியள். அதுக்கு நான் என்னப்பா செய்யிறது?”

உந்த

இனி வருவதை எங்கள் ஊர்க்காரர் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

என் பக்கத்தில் இருந்தால் ‘இந்த’. இரண்டு பேருக்கும் தூரத்தில் இருந்தால் ‘அந்த’. கேட்கிறவருக்கு முன்னால் இருந்தால் ‘உந்த’. மற்ற ஊர்க்காரர் பழைய செய்யுளில் மட்டும் காணும் சொல்லை நாங்கள் கறிச்சட்டியைக் காட்டவும் வைத்திருக்கிறோம். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

அன்று கௌசி அலுவலாகக் கம்பசுக்குப் போயிருந்தாள். நான் என் திரையில் நாலாம் கிணற்றை விரித்து வைத்திருந்தேன். அவள் சொன்னது பிழை என்று காட்ட நாலின் பழைய எண்களில் ஒரு சாட்சி தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மலையில் பதினோராம் கிணறு ஆவியோடு தண்ணீரையும் கக்கத் தொடங்கியது. தண்ணீர் போனால் சுழலிக்குக் கூடாது. கௌசி தன் கைபேசியில் அதைக் கண்டு, பதினொன்றின் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள். மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு அழைத்தாள். பஸ் நிலையத்து இரைச்சல். “அண்ணை, பாக்கிறியள்தானே?” என்றாள். “ஓம், பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்” என்றேன். பொய் இல்லை, நாலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “தண்ணி கூட வருகுது. உந்தக் கிணத்தைப் பாதிக்குச் சாத்தச் சொல்லுங்கோ, கெதியா.” ஒரு ஹோன் அடித்தது, தொடர்பு அறுந்தது. உந்தக் கிணறு என்றால் எனக்கு முன்னால் இருக்கிற கிணறு. எனக்கு முன்னால் இருந்தது நாலு. நாலைப் பாதிக்குச் சாத்தவும் என்று என் பெயரில் மலைக்கு எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் பூடி அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. “பதினொன்றில் தண்ணீர் வந்தது. நாங்களே கண்டு அடைத்துவிட்டோம். நாலில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்காமல் சாத்தினோம், ஏனென்றால் செய்தி உங்கள் பெயரில் வந்தது.”

பிழையா, சோதனையா

சாத்திய கிணற்றைச் சட்டென்று திறக்கக்கூடாது. சூடு ஏறி இறங்கிக் குழாய் வெடித்துவிடும். ஆகவே விடியும்வரை நாலு பாதியில்தான் நின்றது.

காலையில் யூட் அண்ணை கூட்டம் வைத்தார். நாலைச் சாத்தச் சொன்னது ஆர் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வசனத்தை எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். அதற்குள் கௌசி கையை உயர்த்திவிட்டாள். “நான்தான் ‘உந்தக் கிணறு’ எண்டு சொன்னனான், அண்ணை. நம்பரைச் சொல்லியிருக்கோணும். என்ரை பிழை.” யூட் அண்ணை குறிப்பில் எழுதிக்கொண்டார். என் வாய் திறக்கவில்லை. வெட்கத்துக்கு முதல் வந்த நினைப்பு, இனி மலைக்கு நான்தான் என்பது. உங்களுக்கு முன்னால் மறைத்து என்ன பயன்.

அப்போது யூட் அண்ணையின் கைபேசிக்குப் பூடியின் செய்தி வந்தது. சத்தமாக வாசித்தார். நாலைச் சாத்திய பிறகு ஏழு ஏறத் தொடங்கியிருக்கிறது, இரவு முழுக்க ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆகவே பொருக்கு இல்லை, துப்புரவு வேலையை நிறுத்திவிட்டோம், இவ்வளவு கெட்டித்தனமாக இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னவருக்கு எங்கள் பாராட்டு. பாராட்டு என் பெயருக்கு வந்திருந்தது.

யூட் அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீர் தெரிஞ்சே செய்த சோதனையோ?” ஓம் என்று ஒரு சொல் போதும். ஜக்கெட்டும் நானும் விமானம் ஏறலாம். நான் இல்லை என்றேன். நல்லவன் என்று நினைக்காதீர்கள். ஓம் என்றால், கௌசி சொன்னதுதான் சரி என்று நானே என் வாயால் ஒப்புக்கொண்டு, அவளுடைய எண்ணத்தை என்னுடையதாகச் சுமந்துகொண்டு திரியவேண்டும். அவளுடையது ஒன்றும் எனக்கு வேண்டாம் என்கிற அளவுக்குப் பொறாமை முற்றியிருந்தது. மணியை நிறுத்திவைத்தது, திரையில் நாலு இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ‘உந்த’ என்று சொன்னதில் பிழை இல்லை, பிழையான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்றும் சொன்னேன்.

யூட் அண்ணை குறிப்பில் எழுதியதை வெட்டினார். “நல்லது. சரியாச் சொன்னது பிள்ளை, பிழை விட்டது நீர், அதை நிரூபிச்சது நாலாம் கிணறு. கிணத்துக்கு டிக்கெட் போடேலாது. பிள்ளை போகட்டும்.”

ஒரு கேள்வி

பின்னேரம் எல்லாரும் போன பிறகு கௌசி என் மேசையடிக்கு வந்தாள். கோபமாக வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“அண்ணை, மணியை நிப்பாட்டினது விளங்குது. நானும் ஒருத்தரிட்டை அப்பிடிச் செய்திருக்கிறன். ஆனா அந்த நேரம் நாலை ஏன் திரையிலை விரிச்சு வைச்சிருந்தனீங்கள்?”

உம்மைப் பிழையென்று காட்டத்தான் என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். உரும்பிராயில் தேத்தண்ணி குடித்த நாளிலிருந்து என்றேன். அவள் தன் கைவிரல்களில் நாட்களை எண்ணினாள். எனக்கு எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

“இந்த ஒபிசிலை நான் சொன்னதை அவ்வளவு நாள் யோசிச்சது நீங்கள் ஒராள்தான்.”

ஜக்கெட்

அவள் போகும் கிழமை ரவுணில் நல்ல ஜக்கெட் ஒன்றும் இல்லை என்று யாருக்கோ சொல்வது காதில் விழுந்தது. என் கதிரையில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தேன். விலைச்சீட்டு இன்னும் கழுத்தில் இருந்தது, கத்தரிக்கோலால் நானே வெட்டிவிட்டேன். கை கொஞ்சம் நீளம், மடித்துவிடலாம் என்று நான் சொல்ல, அவள் சரி என்றாள்.

மூன்றாம் நாள் காலை வீடியோவில் அழைத்தாள். முகத்தைச் சுற்றி நீல ஜக்கெட். பின்னால் ஒரே வெள்ளை. இரைச்சலில் அவள் சொல்வது பாதி கேட்கவில்லை. கைபேசியைத் திருப்பினாள். பச்சை மலை, வெள்ளிக் குழாய்கள், நடுவில் ஒரு சிவப்பு வால்வு, அதில் பெரிதாக ஏழு என்று எழுதியிருந்தது. ஐந்து வருடம் கோடாக மட்டும் தெரிந்த கிணறு அங்கே வெயிலில் நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது. அவள் நின்ற இடத்தில் நான் நிற்கவேண்டும் என்று அந்த நேரமும் மனம் கேட்டது.

அவள் அதற்குப் பக்கத்தில்தான் நின்றாள். கையை நீட்டினால் தொடலாம். முறைப்படி ‘இந்தக் கிணறு’ என்றுதான் சொல்லியிருக்கவேண்டும்.

“அண்ணை, பாக்கிறியள்தானே? உந்தக் கிணத்தை வடிவாப் பாருங்கோ.”

ஐந்து வருடம் கிணறுகளை மட்டும் பார்த்துப் பழகிய நான், இப்போது மின்விசிறிக்குக் கீழே இருந்து ஒரு நீல ஜக்கெட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.